ஒரு பிரிண்டர், பல கம்ப்யூட்டர்: வைஃபையில் பகிர எந்த வழி நல்லது?

வீட்டில் ஒரு விண்டோஸ் லேப்டாப், ஒரு மேக், பழைய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸ், அது போக ஆளுக்கொரு செல்போன். பிரிண்டர் மட்டும் ஒன்றே ஒன்று. இப்படி ஒரு வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் தேடுவது எந்த டிரைவரை (பிரிண்டரோடு பேசக் கம்ப்யூட்டருக்குத் தேவையான மென்பொருள்) எதில் போடுவது என்பதைத்தான். அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி பதினோரு மணி, எல்லாக் கம்ப்யூட்டரும் மூடிக் கிடக்கிறது, ஒருவர் செல்போனிலிருந்து ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் கொடுக்கிறார். தாள் வெளியே வருமா? வராது என்றால் எத்தனை டிரைவர் போட்டும் பிரயோஜனமில்லை, "அந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் போட்டு விடேன்" என்று வீட்டில் யாராவது யாரையாவது எழுப்பிக்கொண்டேதான் இருப்பார்கள்.

எங்கள் வீட்டில் ரொம்ப நாள் அப்படித்தான் ஓடியது. யூஎஸ்பி மட்டும் உள்ள கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர், அதை ஒட்டி ஒரு விண்டோஸ் டெஸ்க்டாப், அதிலிருந்து மற்றவர்களுக்கு ஷேர். ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், நான் ஊரில் இல்லை, டெஸ்க்டாப்பின் பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, எது பெரிய எழுத்து எது சின்ன எழுத்து என்று மூன்று தடவை திருத்தி, உள்ளே போனால் விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கு பக்கம் வெளியே வர முக்கால் மணி நேரம். பிரிண்டரின் மேல் அன்று ஒரு குற்றமும் இல்லை. அதற்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டரை நிறுத்தியது என் தவறு.

அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிண்டர் தன் காலிலேயே நெட்வொர்க்கில் நிற்க முடியுமென்றால் அதை நேராக ரவுட்டரோடு சேர்த்துவிடுங்கள், வேறு எதையும் யோசிக்க வேண்டாம். நிற்க முடியாத யூஎஸ்பி பிரிண்டர் என்றால் எப்போதும் ஓடுகிற ஒரு சின்னப் பெட்டியில் லினக்ஸ் போட்டு அதன் பின்னால் வையுங்கள். யாராவது ஒருவருடைய கம்ப்யூட்டரிலிருந்து ஷேர் செய்வது மூன்றாம் இடம். ரவுட்டரின் பின்னால் உள்ள யூஎஸ்பி ஓட்டையில் செருகுவது கடைசி இடம். ஏன் இந்த வரிசை என்று புரிய, பிரிண்டருக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில் அச்சிட்டால், குறுக்கே ஏறக்குறைய 4960 புள்ளி, நெடுக்கே 7016. பெருக்கினால் சுமார் 3 கோடியே 48 லட்சம் புள்ளிகள். உங்கள் கடிதமோ பிடிஎஃப்போ எதுவாக இருந்தாலும், கடைசியில் இந்தப் புள்ளிகளில் எது கறுப்பு எது வெள்ளை என்று யாராவது கணக்குப் போட்டுத் தந்தாக வேண்டும். பெரிய ஆபீஸ் பிரிண்டர்கள் பக்கத்தை விவரிக்கிற போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற மொழிகளை வாங்கிக்கொண்டு இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளும். மலிவு லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் அந்த மூளை கிடையாது. கணக்கு முழுவதும் கம்ப்யூட்டரில் உள்ள டிரைவரின் தலையில், அதுவும் அந்தந்தக் கம்பெனி தனக்கென்று வைத்திருக்கிற மொழியில். எச்பி லேசர்ஜெட் 1020 நல்ல உதாரணம். கம்பீரமாக உழைக்கிற பிரிண்டர்தான், ஆனால் தன்னை இயக்கும் ஃபர்ம்வேரைக்கூட அது உள்ளே வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் கம்ப்யூட்டர் அதை அனுப்பி வைத்தால்தான் வேலை செய்யும்.

இங்கேதான் கலப்பு வீட்டின் பிரச்சினை பிறக்கிறது. விண்டோஸுக்கு டிரைவர் இருக்கும், மேக்குக்குப் பழையது இருந்து புதிய பதிப்பில் ஓடாமல் போயிருக்கும், லினக்ஸுக்கு யாரோ ஆர்வலர் எழுதியது இருக்கும், செல்போனுக்கு ஒன்றுமே இருக்காது. ஆக, வழிகளை ஒப்பிடும்போது அந்தப் புள்ளிக் கணக்கை எது போடுகிறது, அது எப்போதும் விழித்திருக்குமா என்று பார்த்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

2010க்குப் பிறகு நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது. அந்த வருஷம் ஆப்பிள், ஐஓஎஸ் 4.2 உடன், டிரைவர் போடாமலே போனிலிருந்து பிரிண்ட் எடுக்க உதவும் ஏர்பிரிண்ட்டைக் கொண்டுவந்தது. 2013இல் கேனன், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் சேர்ந்து அதே நோக்கத்தோடு மோப்ரியா கூட்டமைப்பைத் தொடங்கின, ஆண்ட்ராய்டு 8 முதல் அந்த வழி போனிலேயே இருக்கிறது. லினக்ஸ் பக்கம் ஐபிபி எவ்ரிவேர் என்பார்கள். பெயர்தான் மூன்று, அடியில் ஓடுவது நெட்வொர்க்கில் அச்சிடுவதற்கான ஒரே ஐபிபி நெறிமுறை, கதவு எண் (போர்ட்) 631. பிரிண்டர் தானே "நான் இருக்கிறேன், ஏ4 இருக்கிறது, இரண்டு பக்கமும் அடிப்பேன்" என்று நெட்வொர்க்கில் சொல்லும், கேட்கிற கருவி எல்லோருக்கும் பொதுவான ஒரு வடிவத்தில் பக்கத்தை அனுப்பும். தனி டிரைவர் வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டும் இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறது, பிற கம்பெனிகளின் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாக 2023 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. எனவே பெட்டியிலோ மாடல் விவரத்திலோ ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா என்று இருந்தால், உங்கள் பிரிண்டர் முதல் வழிக்குத் தயார்.

முதல் வழியில் ஒரே ஒரு தீர்மானம் பாக்கி இருக்கும்: பிரிண்டரை வைஃபையில் சேர்ப்பதா, கேபிளிலா? வயர் இல்லாமல் பிரிண்ட் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் பிரிண்டரும் வயர் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். தேவையே இல்லை. லேப்டாப்பும் போனும் வைஃபையில் ரவுட்டரோடு பேசும், ரவுட்டர் பிரிண்டரோடு கேபிளில் பேசட்டும். பிரிண்டரின் பின்னால் ஈதர்நெட் ஓட்டை இருந்து, ரவுட்டர் பக்கத்தில் இடமும் இருந்தால், கேபிளைச் செருகிவிட்டு நிம்மதியாக இருங்கள். பிரிண்டர் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பொருள், வைஃபை பாஸ்வேர்டு மாற்றினாலும் அதைத் தொட வேண்டியதில்லை, தூக்கத்திலிருந்து எழும்போது இணைப்பைத் தேடி அலையாது.

கேபிளுக்கு வசதி இல்லையென்றால் வைஃபைதான், அதிலும் தவறில்லை. ஆனால் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். நிறைய பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், ஆகவே ரவுட்டரில் அந்த அலைவரிசையை அணைத்து வைத்திருந்தால் பிரிண்டருக்கு வைஃபை இருப்பதே தெரியாது. வேகம் பற்றிக் கவலை வேண்டாம். மேலே சொன்ன கறுப்பு வெள்ளைப் பக்கம் சுருக்காமல் அனுப்பினாலும் நாலரை மெகாபைட்டுக்கு உள்ளேதான். அடுத்து, விருந்தினர் வைஃபையில் பிரிண்டரைச் சேர்க்காதீர்கள். அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பெரும்பாலும் பிரித்து வைத்திருப்பார்கள், பிரிண்டரும் போனும் ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றையொன்று காணாமல் நிற்கும்.

மூன்றாவதுதான் எல்லாரையும் அதிகம் படுத்துகிறது: முகவரி மாறுவது. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண்ணைக் கொடுக்கிறது, கரண்ட் போய் வந்தால் அந்த எண் மாறலாம். நேற்று 192.168.1.7 ஆக இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.12 ஆகிவிட்டது, விண்டோஸ் பழைய எண்ணையே தட்டிக்கொண்டு 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது, பிரிண்டரோ பச்சை விளக்கோடு தயாராக நிற்கிறது. இதற்கு மருந்து ஐந்து நிமிஷ வேலை. பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் விவரப் பக்கத்தை ஒரு பிரதி எடுங்கள், அதில் மேக் அட்ரஸ் என்று இரண்டிரண்டாகப் பிரித்த பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் இருக்கும். (ஆப்பிளின் மேக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது எல்லா நெட்வொர்க் கருவிக்கும் உள்ள அடையாளம்.) ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, கருவிகளுக்கு எண் கொடுக்கிற டிஹெச்சிபி பகுதியில் முகவரியை ஒதுக்கிவைக்கும் இடத்தில் அதைக் கொடுத்து, 192.168.1.50 போல ஒரு எண்ணை நிரந்தரமாகக் கட்டிவிடுங்கள். உங்கள் ரவுட்டர் வேறு வரிசையில் எண் கொடுத்தால் அந்த வரிசையிலேயே ஒன்றைப் பிடியுங்கள். எடுத்த பிரதியைத் தூக்கிப் போடாமல் பிரிண்டரின் தாள் தட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள், என்றைக்காவது ரவுட்டரை மாற்றும்போது உதவும்.

அதன் பிறகும் விண்டோஸ் மட்டும் 'ஆஃப்லைன்' என்று அடம்பிடித்தால், பிரிண்டர் பண்புகளில் போர்ட் பகுதியைப் பாருங்கள். டபிள்யூஎஸ்டி என்று தொடங்கும் போர்ட்டில் இருந்தால் அதை விட்டுவிட்டு, ஒதுக்கிய எண்ணைக் கொடுத்து டிசிபி/ஐபி போர்ட்டாகப் புதிதாகச் சேருங்கள். என் அனுபவத்தில் இந்த 'ஆஃப்லைன்' தொல்லை பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறது.

வைஃபை டைரக்ட் என்று இன்னொன்றும் பிரிண்டரில் இருக்கும், ரவுட்டரே இல்லாமல் போன் நேராக பிரிண்டரோடு சேர்வது. விருந்தாளி ஒருவர் ஒரு பக்கம் எடுக்க நல்லது, அன்றாடத்துக்கு ஆகாது. ஒவ்வொரு முறையும் வீட்டு வைஃபையை விட்டு அதில் மாற வேண்டி வரும்.

சரி, யூஎஸ்பி மட்டும் உள்ள பழைய பிரிண்டர் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? நன்றாக ஓடுகிற லேசரை வைஃபை இல்லை என்பதற்காகத் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. டோனர் இன்னும் கிடைக்கிறது, தாள் சிக்காமல் போகிறது என்றால் அந்தப் பிரிண்டருக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது. அதை நெட்வொர்க்குக்குக் கொண்டுவர ஒரு மொழிபெயர்ப்பாளர்தான் தேவை.

அந்த வேலைக்கு எனக்குப் பிடித்தது உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சின்னக் கம்ப்யூட்டர். மின்சாரம் மிகக் குறைவாக இழுக்கும், விசிறிச் சத்தம் இல்லை, இரவும் பகலும் ஓடவிடலாம். பிரிண்டரை யூஎஸ்பியில் அதோடு கட்டி, அதில் லினக்ஸ், கப்ஸ் என்ற அச்சு மென்பொருள், அவாஹி என்ற அறிவிப்பு மென்பொருள் ஆகியவற்றைப் போட வேண்டும். கப்ஸ் 1990களின் இறுதியில் மைக்கேல் ஸ்வீட் எழுதத் தொடங்கியது, மேக்கின் அச்சு அமைப்புக்கு அடியில் இருப்பதும் அதுதான். போட்டு முடித்ததும் நடப்பது மனதுக்கு நிறைவாக இருக்கும்: ஏர்பிரிண்ட் பிறப்பதற்கு முன்பே செய்த பிரிண்டர், ஐபோனின் பட்டியலில் புதுப் பிரிண்டர் போலத் தெரியும். போன் பொதுவடிவத்தில் பக்கத்தை அனுப்புகிறது, பெட்டி அதை அந்தப் பிரிண்டரின் சொந்த மொழிக்கு மாற்றித் தருகிறது, டிரைவர் அந்த ஒரே இடத்தில் இருந்தால் போதும். மேக், லினக்ஸ், போன் மூன்றும் தாமாகவே கண்டுகொள்ளும், விண்டோஸில் சில சமயம் முகவரியைக் கையால் தட்ட வேண்டி வரும்.

ஆனால் பெட்டி வாங்குவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள், இதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். ராஸ்பெர்ரி பையின் சிப் ஏஆர்எம் வகை. கம்பெனிகள் தருகிற லினக்ஸ் டிரைவர்கள் பல, இன்டெல், ஏஎம்டி வகைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் செய்தவை, அவை பையில் ஓடாது. "லினக்ஸுக்கு டிரைவர் உண்டு" என்று கம்பெனியின் பக்கத்தில் போட்டிருப்பதை நம்பி வாங்கிவிட்டு, பிறகு உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டி வரும். உங்கள் மாடலுக்குத் திறந்த மூல டிரைவர், அதாவது மூலநிரல் எல்லாருக்கும் கிடைப்பதால் பைக்கும் ஏற்றபடி தயாரித்துக்கொள்ளக்கூடியது, இருக்கிறதா என்று தேடுங்கள். இங்க்ஜெட் பலவற்றுக்கு குட்டன்பிரிண்ட், பிரதர் லேசர்களுக்கு பிஆர்லேசர், எச்பிக்கு எச்பிலிப், மேலே சொன்ன 1020 வகைக்கு ஃபூ2ஜெட்ஜேஎஸ். கடைசியாகச் சொன்னது அந்த ஃபர்ம்வேரை அனுப்பும் வேலையையும் செய்யும். திறந்த மூல டிரைவர் இல்லை, கம்பெனியின் இன்டெல் டிரைவர் மட்டும்தான் இருக்கிறது என்றால் பையை மறந்துவிட்டு, மூலையில் கிடக்கிற பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸைப் போட்டு அதே வேலையைக் கொடுங்கள். திரை உடைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்த வழியின் குறை, உட்கார்ந்து அமைக்க ஒருவர் வேண்டும் என்பதுதான். கட்டளைகளைத் தட்டப் பயப்படாத ஒருவருக்கு ஒரு மாலை வேலை. வீட்டில் அப்படி யாரும் இல்லையென்றால் நான் வற்புறுத்த மாட்டேன், ஏனென்றால் ஆறு மாதம் கழித்து மெமரி கார்டு பழுதானால் அதைத் திரும்ப எழுப்பவும் ஆள் வேண்டும். நான் பையை முதலில் அமைத்தபோது எந்த டிரைவரை எந்த வரிசையில் போட்டேன் என்பதை எழுதி வைக்கவில்லை, கார்டு போனபோது முதலிலிருந்து எல்லாவற்றையும் தேட வேண்டியிருந்தது. எழுதி வையுங்கள்.

அடுத்து, ஒருவருடைய கம்ப்யூட்டரிலிருந்தே ஷேர் செய்வது. காசும் செலவில்லை, ஏற்கனவே இருக்கிற பொருள், பத்து நிமிஷத்தில் முடியும். எல்லாரும் முதலில் இதில் இறங்குவதற்குக் காரணம் புரிகிறது. எப்போதும் ஓடுகிற டெஸ்க்டாப் ஒன்று வீட்டில் இருந்தால் இது மோசமான வழியும் இல்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் எது ஓடுகிறது என்பதைப் பொறுத்துப் பலன் ரொம்பவே மாறும்.

லினக்ஸ் டெஸ்க்டாப் என்றால் மேலே சொன்ன கப்ஸ் கதைதான், போன் உட்பட எல்லாம் பார்க்கும். மேக் என்றால் சிஸ்டம் அமைப்புகளில் பகிர்வுப் பகுதிக்குப் போய் பிரிண்டர் பகிர்வை இயக்கினால் போதும், மற்ற மேக்குகளும் லினக்ஸும் உடனே கண்டுகொள்ளும். ஆனால் அப்படிப் பகிர்ந்த பழைய யூஎஸ்பி பிரிண்டர் ஐபோனுக்கு ஏர்பிரிண்ட்டாகத் தெரிவதில்லை, அதற்கென்று தனி மென்பொருள் போட வேண்டியிருக்கும். மேக் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

விண்டோஸ் என்றால் யோசித்து இறங்குங்கள். விண்டோஸிலிருந்து விண்டோஸுக்கு ஷேர் செய்வது ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை. 2021இல் பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது, பிரிண்டர் டிரைவரை நிறுவும் வழியில் வெளியாட்கள் உள்ளே நுழைய முடியும் என்ற நிலை. அதை அடைக்க வந்த திருத்தங்களுக்குப் பிறகு டிரைவர் நிறுவ நிர்வாகி அனுமதி கேட்கிறது. அதே வருஷம் இன்னொரு ஓட்டையை அடைக்க வந்த மாற்றத்தால் 0x0000011b என்ற பிழை எண் நிறைய வீடுகளின் திரையில் வந்து நின்றது. திருத்தம் தேவையானதுதான், அதைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பாதுகாப்பை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் உள் அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) அணைத்துவிடச் சொல்லும் அறிவுரைகளைப் பின்பற்றாதீர்கள், ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்க வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவது போன்ற காரியம் அது. விண்டோஸில் ஷேர் செய்தால் இன்னொரு இடத்திலும் மாட்டுவார்கள்: மற்ற கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்கும்போது தினமும் உள்ளே நுழையப் போடுகிற பின் எண்ணைத் தட்டிப் பார்ப்பார்கள், அது ஏற்காது, கணக்கின் முழுப் பாஸ்வேர்டுதான் வேண்டும். மேக்கோ லினக்ஸோ இந்தப் பிரிண்டரைச் சேர்க்கலாம், ஆனால் அந்த மாடலுக்கான டிரைவர் அவற்றிலும் இருக்க வேண்டும். போனுக்கு இந்தக் கதவு திறக்காது. கலப்பு வீட்டுக்கு நான் இதைச் சிபாரிசு செய்யாததற்குக் காரணம் இவ்வளவும் சேர்ந்துதான்.

கடைசி இடத்தில் வைத்த ரவுட்டர் யூஎஸ்பிக்கு வருவோம். பார்க்க எல்லாவற்றிலும் சுலபமானது: ரவுட்டர் எப்போதும் ஓடுகிறது, பிரிண்டரைச் செருகினால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் பெரும்பாலும் வருகிற பைட்டுகளை அப்படியே பிரிண்டருக்குத் தள்ளிவிடும், மொழிபெயர்க்காது. எனவே ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் சரியான டிரைவர் வேண்டும், போனுக்கு வழியில்லை, தாள் தீர்ந்ததா மூடி திறந்திருக்கிறதா என்ற தகவல் திரும்பி வருவதும் அபூர்வம். 1020 போல ஃபர்ம்வேரை எதிர்பார்க்கிற பிரிண்டர் என்றால் அதை அனுப்ப யாரும் இல்லாமல் ஊமையாகவே உட்கார்ந்திருக்கும். சில ரவுட்டர்களுக்குக் கூடுதலாக ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போடச் சொல்வார்கள், அது லினக்ஸுக்கு வராது. போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரிந்த பிரிண்டர், கம்ப்யூட்டர்களிலிருந்து மட்டும் அச்சு என்ற நிலைமையில் இது ஓடும். மற்றபடி வேண்டாம்.

ஸ்கேனரைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிப் பேருக்கு இது பயன்படாது. ஆல் இன் ஒன் வாங்கியவர்கள் பிரிண்டரை ஷேர் செய்தால் ஸ்கேனரும் கூடவே வந்துவிடும் என்று நம்புகிறார்கள். விண்டோஸ் ஷேரில் வராது. ரவுட்டர் யூஎஸ்பியிலும் பெரும்பாலும் வராது. லினக்ஸ் பெட்டியில் சேன் என்ற இன்னொரு மென்பொருளை அமைத்தால் வரும், அது தனி வேலை. நேராக நெட்வொர்க்கில் நிற்கும் புதிய பிரிண்டர்களில் ஏர்பிரிண்ட்டோடு ஸ்கேனும் டிரைவர் இல்லாமல் வேலை செய்கிறது. ஸ்கேன் தினமும் தேவைப்படும் வீடு என்றால், பழைய ஆல் இன் ஒன்னைக் காப்பாற்றப் போராடுவதை விட நெட்வொர்க் பிரிண்டர் வாங்குவதே மேல் என்று நானே சொல்வேன்.

எந்த வழியில் போனாலும் பிரிண்டரை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வெளியிலிருந்து பிரிண்ட் எடுக்கலாமே என்று ரவுட்டரில் 631 கதவையோ, பிரிண்டருக்கு நேராகப் பைட்டுகளை அனுப்பும் 9100 கதவையோ வெளியுலகுக்குத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் கப்ஸோடு வரும் ஒரு துணை மென்பொருளில் வெளிப்பட்ட ஓட்டைகள் அப்படித் திறந்து வைத்திருந்தவர்களைத்தான் அதிகம் பயமுறுத்தின. மேகம் (கிளவுட்) வழியாக, அதாவது இணையத்தில் உள்ள ஒரு கம்பெனியின் சேவை மூலமாக, அச்சிடுவதையும் வீட்டுக்குள் பிரிண்ட் எடுக்க ஒரே வழியாக வைத்துக்கொள்ளாதீர்கள். கூகுள் கிளவுட் பிரிண்ட் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றுபோனது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

அமைத்து முடித்ததும் சோதிப்பதில் அவசரம் வேண்டாம். அமைத்த கம்ப்யூட்டரிலிருந்தே சோதனைப் பக்கம் எடுத்துவிட்டு எழுந்து போய்விடுவோம், அதில் ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டர்களை எல்லாம் அணையுங்கள், ரவுட்டரையும் பிரிண்டரையும், பெட்டி இருந்தால் அதையும், ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இரண்டு நிமிஷம் பொறுத்து, இதில் கொஞ்சமும் ஆர்வமில்லாத ஒருவரின் போனை வாங்கி, அதிலிருந்து ஒரு பக்கம் கொடுங்கள். வந்துவிட்டால் பிரிண்டரை ராத்திரி முழுக்கத் தூங்க விட்டு, காலையில் எழுந்ததும் அதே போனிலிருந்து இன்னொரு பக்கம்.